சார்பா, செயல்பாடா? பொதி மேலாண்மைக்கு முன்னால் நிற்கும் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கீக்ஸ் என்ற பொதி மேலாளர் (கணினியில் மென்பொருளை நிறுவி, புதுப்பித்து, நீக்கும் நிரல்) பற்றி ஓர் அறிமுகக் கட்டுரை எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் தலைப்பைத் தாண்டவில்லை. "ஃபங்ஷனல் பேக்கேஜ் மேனேஜ்மென்ட்" என்பதில் பின்னிரண்டு சொல்லும் தொல்லை தரவில்லை. பொதி (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்), மேலாண்மை, அவ்வளவுதான். (சிப்பம் என்பாரும் உண்டு. அரிசிக்கடையில் 25 கிலோ சிப்பம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) முதல் சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அதற்கு என்ன சொல் வைக்கலாம் என்று போன மடலில் கேட்டிருந்தேன். வந்த பதில்களில் ஒன்று:

> 'செயல்பாட்டுப் பொதி மேலாண்மை' என்று போட்டுவிட்டுப் போகலாமே. ஃபங்ஷனலுக்குச் செயல்பாடு என்றுதானே எல்லா இடத்திலும் எழுதுகிறோம்?

எழுதுகிறோம், அதுதான் சிக்கல். "செயல்பாட்டு" என்று படித்த உடனே, "அப்போ மற்றதெல்லாம் செயல்படாததா?" என்று கேட்பார்கள். என் வீட்டிலேயே கேட்டாயிற்று. இங்கே ஃபங்ஷன் என்பது வேலை செய்வதைக் குறிக்கவில்லை. கணக்குப் பாடத்தில் வரும் ஃபங்ஷன் அது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்று வரும், அதையே மறுபடி கொடுத்தால் மறுபடி அதுவே வரும்.

இது ஏன் பொதிகளுக்கு வேண்டியிருக்கிறது என்பதை எனக்கு நேர்ந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மாலை வகுப்புக்காக வைத்திருந்த பழைய கணினி ஒன்றில் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருந்தது. பொதிகள் ஏராளம். பாதியில் மின்சாரம் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. மின்சாரம் வந்ததும் முடுக்கினால் கறுப்புத் திரை. உள்ளே போய்ப் பார்த்தால் நூலகம் ஒன்று புதிது, அதை நம்பி இருந்த நிரல்கள் பழையவை. முன்பிருந்த நிலையும் இல்லை, போக வேண்டிய நிலையும் இல்லை. அன்று பிள்ளைகளுக்குக் காகிதத்தில்தான் பாடம் எடுத்தேன்.

வழக்கமான பொதி மேலாளர் செய்வது இதுதான்: இருக்கும் கோப்பின் மேலேயே புதிய கோப்பை எழுதும். ஆகவே கணினியின் இன்றைய நிலை என்பது அது கடந்துவந்த பாதையின் விளைவு. எந்தப் பொதி எப்போது வந்தது, எது எதற்குப் பிறகு நீக்கப்பட்டது, நடுவில் யார் எந்த அமைப்புக் கோப்பைக் கையால் தொட்டார்கள் என எல்லாமே அதில் படிந்திருக்கும். ஒரே பொதிப் பட்டியலை வைத்திருக்கும் இரண்டு கணினிகள் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான். சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, அதுபோல. சமையலுக்கு அது அழகு. மென்பொருளைக் கட்டும் (மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக்கும்) இடத்தில் தலைவலி.

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் தந்த முனைவர் பட்ட ஆய்வேடு இந்தக் கைப்பக்குவத்தைத்தான் ஒழித்துக்கட்டியது. அந்த ஆய்வில் பிறந்ததுதான் நிக்ஸ் என்ற பொதி மேலாளர். டச்சு மொழியில் 'நிக்ஸ்' என்றால் 'ஒன்றுமில்லை'. கேலிப்பெயர் அல்ல. ஒரு பொதியைக் கட்டும்போது, அதற்கு இன்னின்னது வேண்டும் என்று நாம் எழுதிக்கொடுத்தவை தவிர வேறு ஒன்றும் அதன் கண்ணுக்குத் தெரியாது. வலை இணைப்புகூடக் கிடையாது. பெயரிலேயே கொள்கையை வைத்துவிட்டார்கள். நாமும் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

அதே எண்ணத்தைக் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குள் கொண்டுவந்தது கீக்ஸ். லுடோவிக் கூர்டெஸ் 2012இல் தொடங்கினார். எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'குயிக்ஸ்' என்று வரும், ஆனால் உச்சரிப்பு கீக்ஸ். பொதிக்கான செய்முறைகளை இதற்கென்று புதுமொழி எதுவும் படைக்காமல் கைல் ஸ்கீம் என்ற நிரல்மொழியிலேயே எழுதுகிறார்கள்.

கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கீக்ஸில் 'ஹலோ' என்ற சின்னப் பொதியை நிறுவுங்கள். அது '/குனு/ஸ்டோர்' என்ற அடைவுக்குள் தனி அறை ஒன்றில் போய் உட்காரும். அறையின் பெயரில் முதலில் 32 எழுத்து, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் 'ஹலோ-2.10' என்பதுபோலப் பெயரும் பதிப்பு எண்ணும். அந்த 32 எழுத்து ஹாஷ். மூல நிரல், தொகுப்பி (கம்பைலர்), நூலகங்கள், கட்டும் கட்டளைகள் என உள்ளே போன அத்தனையையும் பிசைந்து எடுத்த சாறு. இவற்றில் ஏதாவது ஒன்று மாறினாலும் ஹாஷ் மாறும், அறையும் மாறும். பழைய அறையை யாரும் தொடமாட்டார்கள்.

(சொல் ஆராய்கிற நமக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: அந்த 32 எழுத்தில் ஆங்கிலத்தின் e, o, t, u நான்கும் வரவே வராது. தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாதாம். நம் கணினிகளுக்கு இருக்கிற நாகரிகம் நம் குழுக்களுக்கும் வரட்டும்.)

இன்னொன்றும் பாருங்கள். அந்த அறைக்குள் எந்தக் கோப்பை எடுத்துத் தேதி கேட்டாலும் 1970 ஜனவரி 1 என்றுதான் சொல்லும். இந்திய நேரத்தில் வைத்து நொடிவரை கேட்டால் காலை 5:30:01. கட்டிய நேரம் கோப்பில் ஒட்டிக்கொண்டால் நேற்றுக் கட்டியதும் இன்று கட்டியதும் வேறாகிவிடும் அல்லவா? அதனால் தேதியையே அழித்துவிடுகிறார்கள். எல்லாக் கோப்பும் ஒரே விடியற்காலையில் பிறந்தவை.

மேம்படுத்தல் என்பது இங்கே மேலெழுதுவது அல்ல என்பது இப்போது புரிந்திருக்கும். புதிய அறைகளைப் பக்கத்தில் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சுட்டியைப் பழைய பக்கத்திலிருந்து புதிய பக்கத்துக்குத் திருப்புவார்கள். அந்தத் திருப்பல் நடக்கும், அல்லது நடக்காது. பாதி நடப்பது என்று ஒன்றில்லை. நடுவில் மின்சாரம் போனால் பழைய சுட்டி பழைய இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு திருப்பலும் ஒரு தலைமுறை. இந்தச் சொல்லை நாம் ஆக்கவே வேண்டியதில்லை, ஆங்கிலத்திலும் அதேதான். புதிய தலைமுறை சரியில்லையா, அப்பாவிடம் திரும்பலாம். அப்பாவும் சரியில்லை என்றால் தாத்தாவிடம் போகலாம். இடம் போதவில்லை என்று பழைய தலைமுறைகளை நீங்களே நீக்கிக் குப்பை அகற்றச் சொல்லும்வரை அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. தமிழில் படித்த எவருக்கும் ஃபங்ஷன் என்றால் சார்பு. எனவே 'சார்புப் பொதி மேலாண்மை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் பொதி உலகில் சார்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒரு பொதி வேறொன்றை நம்பி இருப்பதை, டிபெண்டன்சியை, நாம் சார்பு என்றே எழுதி வந்திருக்கிறோம். 'சார்புப் பொதி' என்றால் துணைக்கு வந்திறங்கும் பொதி என்றுதான் எவரும் படிப்பார். அப்படிப் பார்த்தால் உலகில் உள்ள எல்லாப் பொதி மேலாளரும் சார்புப் பொதி மேலாளர்தான்!

'சார்பிய' என்றால் ஐன்ஸ்டைன் வந்துவிடுகிறார். ஒருவர் 'மாறாப் பொதி மேலாண்மை' என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாறாமை விளைவு, காரணம் அல்ல. மேலும் முழு இயங்குதளத்தையும் ஒரே படிமமாகப் பூட்டி வைத்துத் தரும் வழங்கல்கள் தனியாக இருக்கின்றன. 'மாறா' என்ற அடைமொழி அவற்றுக்குத்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் பின்னால் அவிழ்க்க முடியாது.

என் முன்மொழிவு: கணக்கில் சார்பு சார்பாகவே இருக்கட்டும், பொதி உலகில் இருக்கும் சார்பைக் கிளப்பிவிடலாம். டிபெண்டன்சிக்குத் 'தேவை' போதும். 'இந்தப் பொதிக்கு என்னென்ன தேவை?' என்றுதானே வாயால் கேட்கிறோம்? தலைப்புக்குச் 'சார்புமுறைப் பொதி மேலாண்மை'. என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம் ஸ்டோருக்கு ஒரு சொல். ரெபாசிட்டரிக்குக் களஞ்சியத்தைக் கொடுத்துவிட்டதால் அது மிச்சமில்லை. குதிர் என்று எழுதிப் பார்த்தேன், கூடவே 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. கிடங்கு என்று வைத்திருக்கிறேன்.

---

மறுமொழி 1

தம்பிக்கு,

முப்பது வருடம் கணக்கு நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், சார்பை விட்டுக்கொடுக்காதீர்கள். தினை விதைத்தால் தினை, வினை விதைத்தால் வினை. நான் வகுப்பில் சார்பை இப்படித்தான் தொடங்குவேன்.

ஆனால் ஒரு சந்தேகம். சார்பில் இரண்டு வேறு உள்ளீடுகள் ஒரே வெளியீட்டைத் தரலாம், தப்பில்லை. 2க்கும் −2க்கும் வர்க்கம் 4தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உள்ளே போகும் எதைத் தொட்டாலும் அறை மாறிவிடும். கட்டி முடித்த கோப்பு அச்சு அசலாக அதேபோல் இருந்தாலும் மாறுமா? மாறும் என்றால் அது ஒன்றுக்கொன்றான சார்பு. கட்டுரையில் ஒரு வரி சேருங்கள், மாணவர்கள் படித்தால் மகிழ்வார்கள்.

'சார்புமுறை' வேண்டாம், முறை என்றால் மெத்தட் நினைவுக்கு வருகிறது. 'சார்புவழி' என்று வையுங்கள். சார்பின் வழியாக என்ற பொருள் நேராக வந்துவிடும்.

---

மறுமொழி 2

அண்ணா, ஐயா இருவருக்கும் வணக்கம்.

ஐயா கேட்டதற்கு முதலில்: ஆமாம், மாறும். கட்டும் கட்டளைகளுக்கு நடுவே எதையும் செய்யாத ஒரு வெற்றுக் கட்டளையைச் சேர்த்தாலும் போதும், கட்டி வந்த கோப்பு பிட்டு பிசகாமல் அதேபோல் இருந்தாலும் வேறு அறைக்குத்தான் போகும். பெயர், உள்ளே போனதை வைத்து இடப்படுகிறது, வெளியே வந்ததை வைத்து அல்ல.

'தேவை' பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. நிறுவல் பக்கங்களில் 'கணினித் தேவைகள்' என்று நினைவகம், வட்டு அளவெல்லாம் எழுதுகிறோம். அதோடு மோதும். 'தேவைப்பொதி' என்று சேர்த்து எழுதினால் தப்பிக்கலாம். ஏற்கெனவே மொழிபெயர்த்த இடங்களில் 'சார்ந்திருக்கிறது' என்ற வினை அப்படியே இருக்கட்டும், பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றுவோம். மொழிபெயர்த்த எல்லா வரியையும் திருத்த நமக்கு ஆள் இல்லை.

ஆனால் உண்மையில் இந்தச் சண்டைக்கே அவசியம் இல்லை என்று தோன்றுகிறது. கீக்ஸ் செய்முறை ஒன்றைத் திறந்து பாருங்கள். வேண்டிய பொதிகளைப் பட்டியலிடும் புலத்துக்கு 'டிபெண்டன்சி' என்று பெயர் வைக்கவில்லை, 'இன்புட்ஸ்' என்றுதான் இருக்கிறது. பொதியைக் கட்டுவது சார்பு என்றால், அது நம்பியிருக்கும் பொதிகள் அந்தச் சார்புக்குள் போகும் உள்ளீடுகள்தானே! எழுதியவர்கள் தெரிந்தே வைத்த பெயர் அது. நாமும் கட்டுரைக்குள் 'உள்ளீடு' என்றே எழுதினால், தேவைப்பொதி மற்ற மேலாளர்களைப் பற்றிப் பேசும் பத்தியில் மட்டும் வரும்.

வெளியீடு என்று மட்டும் எழுதாதீர்கள். அது ரிலீசுக்கும் போகிறது. 'கீக்ஸின் முதல் வெளியீடு 2013 ஜனவரியில் வந்தது' என்றும், 'கட்டுமானத்தின் வெளியீடு கிடங்கில் சேர்கிறது' என்றும் ஒரே பக்கத்தில் வந்தால் படிக்கிறவர் பாவம். கட்டி வந்ததை 'விளைவு' என்று சொல்லலாமா? பக்கவிளைவு அற்ற சார்பு என்று அடுத்த வரியில் எழுதவும் அது வசதி.

---

மீண்டும் நான்

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. உள்ளீடு விஷயம் கண் முன்னால் இருந்தும் நான் பார்க்கவில்லை. தலைப்பு 'சார்புவழிப் பொதி மேலாண்மை', உள்ளே 'உள்ளீடு', 'விளைவு', 'தலைமுறை', 'கிடங்கு'. ஒன்றுக்கொன்றான சார்புக்குத் தனிப் பத்தியே கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அடிமட்ட நூலகம் ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், சார்புக் கணக்குப்படி அதன் மேல் நிற்கும் ஆயிரக்கணக்கான பொதிகளையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். அத்தனை நேரம் ஓட்டையைத் திறந்து வைத்திருக்க முடியுமா? அதனால் கீக்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது. ஏற்கெனவே கட்டிய பொதியைப் படியெடுத்து, அதற்குள் எழுதியிருக்கும் பழைய நூலகத்தின் அறைப்பெயரை மட்டும் அழித்துத் திருத்திய நூலகத்தின் அறைப்பெயரைப் பொறித்துவிடும். இரண்டு பெயரும் ஒரே நீளம் இருந்தால்தான் நடக்கும், கோப்புக்குள் எதுவும் நகரக் கூடாது. இதை அவர்கள் 'கிராஃப்ட்' என்கிறார்கள்.

'ஒட்டு' என்று எழுதினேன், ஆனால் அதைப் பேட்ச்சுக்குக் கொடுத்துவிட்டோம், கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டு. மாங்கன்று வாங்கப் போன இடத்தில் நாற்றங்கால்காரர் 'இது ஒட்டுக்கட்டினது, மூணு வருஷத்துல காய்க்கும்' என்றார். கன்றை வண்டியில் வைத்துக்கொண்டே குறித்துக்கொண்டேன். வேர் பழையபடி, மேலே வேறு கிளை. இங்கே வேரை மாற்றிக் கிளையை வைத்துக்கொள்கிறோம், தலைகீழ்தான். ஆனாலும் 'ஒட்டுக்கட்டல்' நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை கட்டுரையை அனுப்பிவிடுவேன்.