நடந்து போகிறவருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்வது எப்படி?

முள்ளியவளையான்:
முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் கிட்டுகிறது. லண்டன், கனடாவிலிருந்து வருகிற பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் வழி கேட்பார்கள். லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெயிட் எல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் கடையடியிலிருந்து காட்டா விநாயகர் கோயிலுக்கு வழி சொல்லத் தொடங்கினால் சந்தி, மதகு, ஒழுங்கை எல்லாம் ஒரே வசனத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வகுப்பில் தந்த வசனங்களில் டிராஃபிக் லைட்டும் ஷொப்பிங் சென்டரும்தான். எங்கள் ஊருக்கு எப்படிச் சொல்வது?

கிளிநொச்சி ரீச்சர்:
தம்பி, ஒரு வசனத்துக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள், வினைச்சொல்லிலேயே தொடங்குங்கள். அதற்கு முதல் ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது முக்கியம், அதைச் சொல்லாவிட்டால் இடம் வலம் எல்லாம் பிழைக்கும். "ஸ்டாண்ட் வித் யுவர் பாக் டு த ஷொப்." சரி, இப்போது "டேர்ன் லெஃப்ட். வோக் அன்டில் யூ சீ எ ஸ்மோல் பிரிட்ஜ்." மதகுக்கு ஸ்மோல் பிரிட்ஜ் போதும். இன்னொன்று, "டேர்ன் லெஃப்ட்" என்றால் திரும்பி நடக்க வேண்டும், "இட் இஸ் ஒன் யுவர் லெஃப்ட்" என்றால் இடம் இடது கைப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் மாற்றிச் சொன்னால் பிள்ளை வாசலுக்கு வந்த பிறகும் பக்கத்து ஒழுங்கைக்குள் போய்விடும்.

மாங்குளம் ஓட்டோ:
ரீச்சர் சொன்னது சரி. நான் பார்த்த அளவில் எங்கள் ஆட்களின் பெரிய சிக்கல் ஆங்கிலமே இல்லை. "முந்தி சங்கக்கடை இருந்த இடத்தால திரும்பு" என்பார்கள். 2009 போருக்குப் பிறகு எத்தனையோ கட்டடம் இல்லை, ஆனால் எங்கள் மனதில் அவை அங்கேதான் நிற்கின்றன, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் வெறும் வளவுதான் தெரியும். ஆகவே இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் சொல்லுங்கள். "டேக் த செகண்ட் லெஃப்ட்" என்றும் சும்மா சொல்லாதீர்கள். இரண்டு வேலிக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையை நாங்கள் எண்ணுவதில்லை, அவர்கள் எண்ணுவார்கள். திரும்புகிற மூலையில் என்ன நிற்கிறது, நீல கேற்றோ தண்ணீர்த் தொட்டியோ, அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். "கிட்டத்தான்" என்பதும் வேண்டாம், "அபவுட் டென் மினிட்ஸ் ஒன் ஃபூட்" என்றால் விளங்கும்.

பரந்தன் அக்கா:
தாண்டிப் போனால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள், "இஃப் யூ ரீச் த பெற்றோல் செட், யூ ஹாவ் கோன் டூ ஃபார்." கனடாப் பிள்ளைகளுக்கு இன்னொன்று கட்டாயம்: அங்கே வாகனம் வலப்பக்கத்தால் ஓடும், இங்கே இடப்பக்கத்தால். ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் "லுக் ரைட் ஃபர்ஸ்ட்" என்று முதலிலேயே சொல்லுங்கள், ஏ9 வீதியில் பஸ் வருகிற வேகம் தெரியும்தானே. கடைசியில் அவர்களையே வழியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பிழை அங்கேயே பிடிபடும்.

முள்ளியவளையான்:
நல்லது, எழுதி வைத்துப் பழகுகிறேன். சந்தியில் என்பதற்கு "இன் த ஜங்ஷன்" சரியா ரீச்சர்?

கிளிநொச்சி ரீச்சர்:
"அட் த ஜங்ஷன்", தம்பி. எழுதியதை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.