பிரசவ விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து சில்லறை வேலைகள்தான் வருகின்றன, எப்படிக் கேட்பது?

மேடவாக்கம்_அம்மா

வணக்கம். சாஃப்ட்வேர் எழுதும் வேலை, ஜாவா, ஸ்பிரிங் பூட்டில் 8 வருட அனுபவம். ஆபீஸ் சோழிங்கநல்லூரில். 26 வார விடுப்பு முடிந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. போவதற்கு முன் ரீகன்சிலியேஷன் மாட்யூல் என் கையில் இருந்தது, அதாவது வங்கி அனுப்பும் கணக்கும் எங்கள் டேட்டாபேஸில் இருக்கும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று இரவில் ஓடிச் சரிபார்க்கும் ஜாப். முதல் வரியிலிருந்து நான் எழுதியது. இப்போது அது டீமில் ஒரு தம்பியிடம் இருக்கிறது. எனக்கு வருவது ரிப்போர்ட்டில் தலைப்பு மாற்றுவது, பழைய டெஸ்ட் கேஸ்களைத் திருத்துவது, மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லேப்டாப்பில் எல்லாம் இன்ஸ்டால் செய்து கொடுப்பது.

என் நாள் இப்படிப் போகிறது. 5 மணிக்கு எழுந்து சமையல், குழந்தைக்குக் கஞ்சி, 8.15க்கு மாமியாரிடம் விட்டுவிட்டு கேப். மெட்ரோ வேலை நடப்பதால் எப்போது போய்ச் சேருவேன் என்று சொல்ல முடியாது. 10.30க்கு ஸ்டாண்ட்-அப், அதாவது டீம் தினமும் கூடும் சின்ன மீட்டிங். 1 மணிக்கும் 4 மணிக்கும் பால் எடுக்க வேண்டும், அதற்கென்று அறை இல்லாததால் முதலுதவி அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்கிறேன், வெளியே யாராவது தட்டினால் படபடவென்று வரும். மாலை 6க்குக் கிளம்பிவிடுவேன். இதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் சமாளித்துவிடுவேன்.

தாங்க முடியாதது வேறு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி டீமுடன் இரவு 9.30க்கு கான்ஃபரன்ஸ் கால் இருக்கிறது, டிசைன் முடிவுகள் எல்லாம் அங்கேதான் ஆகின்றன. நான் திரும்பி வந்த முதல் வாரமே மேனேஜர் என்னை அந்த அழைப்பிலிருந்து எடுத்துவிட்டார். "குழந்தை தூங்குற நேரம், உனக்கு எதுக்கும்மா கஷ்டம், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நல்ல மனிதர், எனக்காக நினைத்துத்தான் செய்தார், அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

போன வாரம் அந்த ஜாப் பாதியில் நின்று மறுபடி ஓடியதில் ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிட்டது. அப்படி நடக்கக் கூடாதென்றுதான் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சாவி, அதாவது தனி அடையாளம், வைத்து, அது ஏற்கெனவே இருந்தால் தள்ளிவிடும்படி எழுதியிருந்தேன். வேகமாக ஓட வேண்டும் என்று ஏதோ ஒரு இரவு காலில் முடிவு செய்து அதை எடுத்திருக்கிறார்கள். காரணத்தைத் தம்பியிடம் சொன்னேன், அவர் சரிசெய்தார், ஸ்டாண்ட்-அப்பில் பாராட்டு அவருக்கு. "அக்காதான் சொன்னாங்க" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்னும் நான்கு மாதத்தில் அப்ரைசல். என்ன பேசுவது, எப்படிப் பேசுவது?

பழைய_கோபால்காரி

நான் 17 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், இரண்டு பிரசவமும் வேலையில் இருந்தபோதுதான். "நல்ல வேலை கொடுங்கள்" என்று பொதுவாகப் போய்க் கேட்காதீர்கள் தங்கச்சி. "கண்டிப்பா, அடுத்த ஸ்பிரிண்ட்ல பாக்கலாம்" என்பார்கள், அந்த அடுத்த வேலைச் சுற்று வரவே வராது. நான் முதல் முறை அப்படிக் கேட்டுத்தான் ஒரு வருடம் போனது.

இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தேன். நான் விடுப்பில் போன தேதியிலிருந்து என் மாட்யூலில் நடந்த ஒவ்வொரு கமிட்டையும், அதாவது கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், அதெல்லாம் பதிவாகும் கிட் லாகில் உட்கார்ந்து படித்தேன், இரண்டு மாலை பிடித்தது. எது மாறியிருக்கிறது, எது அரைகுறையாக நிற்கிறது என்று தெரிந்தது. அதில் ஒன்றை எடுத்து இரண்டு பக்கத்தில் டிசைன் எழுதி, டீம் மொத்தத்துக்கும் அனுப்பினேன், கடைசி வரியில் "இதை நான் செய்கிறேன், மூன்று வாரம் வேண்டும்" என்று. வேலையை யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை பாருங்கள், யாரும் தொடாததை எடுத்தேன். உங்களுக்கு அந்த இரட்டைப் பதிவுப் பிரச்சினையே கையில் இருக்கிறது. ஜாப் எந்த இடத்தில் நின்றாலும், எத்தனை முறை மறுபடி ஓட்டினாலும் கணக்கு ஒன்றாகவே வர என்ன செய்ய வேண்டும் என்று உங்களைவிட அங்கே யாருக்குத் தெரியும்?

அப்புறம் அந்த கால் நேரம். உங்கள் இரவு 9.30 அவர்களுக்குக் காலை 11. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியதும் அதுவே நமக்கு 8.30 ஆகும், நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி 9.30. இந்த நேரத்தைக் கடவுள் வகுத்துக் கொடுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அவர்களை அங்கே காலை 7.30க்கு வரச் சொல்லுங்கள், குளிர்காலத்தில் நமக்கு மாலை 6 மணி. எங்கள் டீமில் கேட்டபோது அந்தப் பக்கமும் ஒரு அம்மா இருந்தார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் முடிந்துவிடும் என்று உடனே சரி என்றார். அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

இரவு_டெப்ளாய்

நான் டீம் லீட், ஆண். உங்கள் மேனேஜர் செய்ததை அப்படியே நானும் செய்திருக்கிறேன். விடுப்பு முடிந்து வந்த ஒருவரை ஆன்-கால் பட்டியலிலிருந்து, அதாவது பிரச்சினை வந்தால் எந்த நேரமும் அழைக்கும் பட்டியலிலிருந்து, எடுத்தேன், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் வரும் பிரச்சினைகளுக்கான புரொடக்ஷன் டிக்கெட் எதுவும் அவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன், உதவி செய்கிறோம் என்று மனதார நம்பினேன். அப்ரைசல் கூட்டத்தில் எல்லா லீடும் உட்கார்ந்து பெயர்களை வரிசைப்படுத்தும்போது "இந்த வருஷம் என்ன டெலிவர் பண்ணாங்க?" என்று கேட்டார்கள். சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அவருடைய ரேட்டிங் இறங்கியது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். நான்கு வருடம் ஆகியும் அது என் மனதில் நிற்கிறது.

அதனால் மேனேஜரிடம் தயங்காமல் பேசுங்கள். நீங்கள் அக்கறையோடு செய்தது தெரியும், ஆனால் எது முடியும் எது முடியாது என்று நானே சொல்கிறேன், என்னைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று நேராகச் சொல்லலாம். பேசி முடித்ததும் அதையே நான்கு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, அந்தத் தம்பியிடம் வாயால் சொன்ன காரணத்தை டிக்கெட்டில் உங்கள் பெயரில் கமெண்ட்டாகப் போட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் முன்னால் திறந்திருப்பது டிக்கெட்தான்.

கோவை_சரவணம்பட்டி

எல்லாரும் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்று இல்லை. நான் ஒரு வருடம் டெஸ்டிங் பக்கம் நானாகக் கேட்டுப் போனேன், குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வரும், மனம் வேலையில் நிற்கவில்லை. அந்த வருடம் எனக்குத் தேவைப்பட்டது, வருத்தம் இல்லை. ஆனால் தோழிக்கு அது கேட்காமலே கொடுக்கப்பட்டிருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்

விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 ஆனதே மகப்பேறு பலன் சட்டத்தின் 2017 திருத்தத்தில்தான். அதே திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை அம்மா அங்கே போய்வர விட வேண்டும் என்று கொண்டுவந்தது. இந்தச் சலுகைகளை வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்ல வேண்டியதும் அந்தத் திருத்தத்தில் நிறுவனத்தின் கடமை ஆனது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு வந்த தாள்களைத் தேடிப் பாருங்கள். காப்பகம் பற்றி ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள், பால் எடுக்க அறையும் அதே மெயிலில். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது, பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக் கூடாது என்பதும் இருக்கிறது. ஆனால் எந்த மாட்யூல் யாருக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதற்கு மேலே அக்கா சொன்ன வழிதான்.

மேடவாக்கம்_அம்மா

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி. கமிட் எல்லாம் படித்தேன். அந்தச் சாவியை எடுத்ததற்குக் காரணம் வேகம்தான், ஆனால் டேட்டாபேஸில் வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ் ஒன்று விட்டுப்போனதால்தான் மெதுவாக ஓடியிருக்கிறது, அந்த இன்டெக்ஸை நானே விட்டிருக்கிறேன். அதையும் டிசைனில் எழுதித் தம்பியிடம் முதலில் காட்டினேன், அவருக்கு ஒரே சந்தோஷம், தனியாக இழுத்துக்கொண்டிருந்தாராம்.

மேனேஜரிடம் பேசும்போது குரல் நடுங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "நீ கேட்பேன்னு நினைக்கலைம்மா" என்றார். ரீட்ரை பகுதி, அதாவது ஜாப் நின்றால் மறுபடி ஓட்டும் பகுதி, எனக்கு வந்திருக்கிறது. இரவு கால் வாரத்தில் மூன்று நாள் அப்படியேதான் இருக்கிறது, வியாழன் மட்டும் மாலை 6க்கு மாறுகிறது. வியாழனன்று வீடு வர 8 ஆகும் என்று மாமியாரிடம் சொன்னேன், "ராத்திரி குழந்தைக்கு இட்லி ஊத்திடுறேன், நீ பேசிட்டு வா" என்றார். அறை பற்றிய மெயிலுக்கு ஹெச்.ஆரிடமிருந்து இன்னும் பதில் இல்லை, திங்கட்கிழமை மறுபடி அனுப்பப் போகிறேன்.