விந்தகத்துல இருக்கற செர்டோலி, லீடிக் செல் ரெண்டுலயும் குழப்பம், ஹெல்ப் பண்ணுங்க
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் பாலக்கோடு, பிளஸ் டூ தமிழ் மீடியம், நாளன்னிக்கு விலங்கியல் டெஸ்ட். லீடிக் செல் விந்து நுண்குழலுக்கு (விந்தணு உருவாகுற குழல்) வெளிய இருக்கு, எல்ஹெச் (பிட்யூட்டரி ஹார்மோன்) வந்தா டெஸ்டோஸ்டீரோன் சுரக்கும், அது வரைக்கும் ஓகே. குழலுக்கு உள்ள செர்டோலி செல் வளர்ற விந்தணுவுக்கெல்லாம் சாப்பாடு போடுது (எங்க சத்துணவு ஆயா மாதிரி), இன்ஹிபின்ங்கற ஹார்மோனும் அதுதான் சுரக்குது. ஆனா எஃப்எஸ்ஹெச் (இதுவும் பிட்யூட்டரி ஹார்மோன்தான்) நேரா ஸ்பெர்மட்டோகோனியா (விந்தணுவோட மூல செல்) மேல வேலை செய்யுதா இல்ல செர்டோலி வழியாவானு ரெண்டு நோட்ஸ்ல ரெண்டு மாதிரி இருக்கு, நான் செர்டோலி வழியானுதான் நெனைக்கிறேன், கரெக்டா?

அப்புறம் ஒரு முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்ல (ஸ்பெர்மட்டோகோனியால இருந்து வர்ற செல்) இருந்து 4 விந்தணு வர்ற படம் கையால வரைஞ்சது இருந்தா போட்டோ போடுங்க, நான் வரைஞ்சா முறுக்கு மாதிரி வருது. தர்மபுரிக்கு டியூஷன் போற பஸ்லயே பாத்துக்குவேன்.