எர்த் ஒயர் சுடுவது "சகஜம்" என்று சொன்ன அண்ணாச்சிக்கு

முக்கூடல் பத்மினி:
பழைய பத்மினி காரில் செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் கொதிக்கிறது என்று தென்காசித் தம்பி ஒருவர் நேற்று கேட்டிருந்தார். களக்காட்டு அண்ணாச்சி சொன்ன பதில்: "நம்ம ஊர் வெயிலுக்கு அது சகஜம். 35 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடி ஒயர் போடு, சரியாகிவிடும்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? செல்ஃப் இழுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் போகும். ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கில் பச்சை பூத்திருந்தாலோ, போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தாலோ அந்த இடம்தான் சுடும். 150 ஆம்பியர் போகையில் அங்கே அரை வோல்ட் விழுந்தால் 75 வாட் சூடு. சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

களக்காட்டுக்காரன்:
கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். என் அம்பாசிடரில் 35 ஸ்கொயர் போட்டேன், சூடு போய்விட்டது. இதற்கு மேல் என்ன வே வேண்டும்?

முக்கூடல் பத்மினி:
ஒயர் மாற்றும்போது லக்கைத் தேய்த்து மாட்டியிருப்பீர். சூடு போனது அதனால்தான், 35 ஸ்கொயரால் இல்லை.

களக்காட்டுக்காரன்:
தேய்க்கவே இல்லை. 35 ஸ்கொயர். அவ்வளவுதான்.

பாளை வாசகன்:
சூடு என்றால் கை வைக்க முடியாத சூடா, வெதுவெதுப்பா? ஒயர் முழுக்கவா, முனையில் மட்டுமா? அதை முதலில் கேட்போமே.

ரதவீதி ஒர்க்‌ஷாப்:
35 ஸ்கொயர் என்று விற்பதெல்லாம் செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சும் வருகிறது. கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அண்ணாச்சி சுரண்டிப் பார்த்தாரா?

களக்காட்டுக்காரன்:
சுரண்டுவது உமக்குக் கைவந்த கலை. போன வருஷம் "நல்ல கண்டிஷன்" என்று என் தலையில் கட்டிய டைனமோ வாரம் தாங்கவில்லை. அந்தப் பணம் எங்கே?

ரதவீதி ஒர்க்‌ஷாப்:
ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்? பெல்ட்டை வீணை நரம்பு மாதிரி முறுக்கி வைத்தால் பேரிங் போகத்தான் செய்யும்.

முக்கூடல் பத்மினி:
டைனமோவை விடுங்கள். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பின்னல் எர்த் பட்டை ஒன்று உண்டு. அது அறுந்தால் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். சேரன்மாதேவி ரோட்டில் ஒரு வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் புகை வந்ததை நான் பார்த்தேன். சோக் கேபிளின் மேலுறை உருகிச் சொட்டியிருந்தது. பேட்டரி ஒயரோ புத்தம் புதுசு. அங்கே உம் 35 ஸ்கொயர் என்ன செய்யும்?
மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் இல்லை, கம்பத்தில். மறுமுனை எஞ்சின் பிளாக்கில். எஞ்சின் கிளம்பிவிடாமல் இருக்க இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தைக் குறை சொல்லாதீர்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் மறுமுனையைக் கிளாம்ப், லக், பாடி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எங்கே எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு.

ரதவீதி ஒர்க்‌ஷாப்:
பாசிட்டிவ் ஒயரும் சேர்ந்து சுட்டால் செல்ஃபைக் கழற்றணும். அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் உரசினால் கரண்ட் கண்டபடி இழுக்கும்.

களக்காட்டுக்காரன்:
பத்மினிக்கு இத்தனை சடங்கு வேண்டும். அம்பாசிடருக்கு ஒயர் போதும். 35 ஸ்கொயர் போட்டேன், போய்விட்டது.

முக்கூடல் பத்மினி:
அம்பாசிடரும் ரப்பர் மவுண்டிங்கில்தான் நிற்கிறது. மீட்டர் வைத்து ரீடிங் போடும், அப்புறம் பேசுவோம்.

களக்காட்டுக்காரன்:
ரீடிங் உமக்கு எதற்கு? கையை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. டைனமோ பணத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.