புதுப்பிப்பு: மூன்று பிரிவுக்கும் ஒரே ஐசி (மலேசிய அடையாள அட்டை) சரிபார்ப்பு என்று ஆரம்பித்தேனே

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்ட ஆபிசில் சம்பளம், ஸ்டோர், கிளினிக் மூன்றும் ஐசி எண்ணைச் சரிபார்க்க ஆளுக்கொரு நிரல் வைத்திருக்கின்றன, ஒன்றாக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒன்றாக்கினேன். முதல் நாளே உதை.

சம்பளப் பிரிவின் நிரலை அப்படியே பொதுவாக்கியதுதான் தப்பு. ஐசியின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, ஆனால் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 50-க்குக் கீழே இருந்தால் 2000-க்குப் பிறகு என்று அந்த நிரல் முடிவுகட்டும், வேலையில் இருப்பவர்களுக்கு அது போதும். கிளினிக்குக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்த பாட்டி 1948-இல் பிறந்தவர். திரையில் 2048. 'இன்னும் பிறக்கவே இல்லையாம்மா நான்?' என்று அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிரிவுக்குப் பிரிவு மாறும் இடங்களுக்கெல்லாம் நிரலுக்குள் ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லி அப்போது பதில் போட்டிருந்தீர்கள். வைத்துப் பார்த்தேன், சுவிட்ச் பதினொன்று ஆனதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது பொது நிரல் எண்ணைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி, எந்த நூற்றாண்டு என்பதை அந்தந்தப் பிரிவே சொல்லவேண்டும். பொது நிரலைப் பழைய முறையில் அழைக்கும் நிரல்கள் உடையும் என்பதால் பதிப்பை 2.0 ஆக்கினேன்.

ஐசி இல்லாமல் பாஸ்போர்ட் காட்டுபவர்களுக்குத் தனி நிரல். ஸ்டோர் மட்டும் இன்னும் பழைய 1.3 பதிப்பில்தான், 'ஓடுறதை ஏன் தம்பி தொடணும்' என்கிறார் பெரிய கிராணி (ஆபிஸின் தலைமை எழுத்தர்).