விஸ்கி, சுருட்டு ஓவியம் மாட்ட யோசனை வேண்டும்

நண்பர்களே, ஹாலில் புத்தக அலமாரிக்கு மேல் மாட்ட ஒரு எண்ணெய் வண்ண ஓவியம் வரையச் சொல்லப் போகிறேன். விஸ்கி கிளாஸ், சாம்பல் உதிராத சுருட்டு, பின்னால் இருட்டு, அவ்வளவுதான். ஆள் வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் டெகா 1875-76இல் வரைந்த அப்சிந்த் (ஒரு கடுமையான மதுவகை) ஓவியத்தில் கிளாஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தளர்ந்த தோளைப் பார்த்தாலே மனசு கனத்துப்போகிறது, எனக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வர வேண்டும்.

எதிரே பெரிய ஜன்னல். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் இருண்ட பகுதி முழுக்க ஜன்னல்தான் தெரியும், மேட் அடித்தால் விஸ்கியின் தேன் நிறம் மங்கிவிடுமோ என்று பயம். அப்புறம், விளக்கு 2700 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்) போதுமா, 4000 (வெள்ளை வெளிச்சம்) வேண்டுமா? வரைபவர்கள், வீட்டில் மாட்டியவர்கள் சொல்லுங்கள், முடிந்தால் இரவில் எடுத்த படத்தோடு.