'கல்லிங்' – தமிழ்ல என்ன? (வெள்ளிக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல பேட்ஜரை (மண்ணுல வளை தோண்டி வாழற ஒரு காட்டு விலங்கு) சுடுறதை விட்டுட்டு தடுப்பூசி போடலாம்ங்கிற கட்டுரை ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். பேட்ஜருக்கு வளைக்கரடின்னு போட்டாச்சு. 'கல்லிங்'தான் உதைக்குது. மாட்டுக் காசநோய் பரவாம இருக்க ஒரு பகுதியில உள்ள வளைக்கரடியில பெரும்பங்கைக் கொல்றது. அப்படியே 'கல்'னு எழுதினா கல்லால அடிக்கிறாங்கன்னு நினைப்பாங்க.

---
தம்பி, சொல் இருக்கு. களைகட்டல். குறள் 550, "பைங்கூழ் களைகட் டதனொடு நேர்". கள்+தல் = கட்டல், பறித்தல்னு பொருள். களவு, கள்வன் எல்லாம் இதே வேர்தான், விரிவா நாளைக்கு எழுதுறேன்.

---
> களைகட்டல்

ஐயா, "வளைக்கரடி களைகட்டல்"னா எந்த ஊர்த் திருவிழான்னு கேப்பாங்க. அதோட அந்தக் குறள்ல களைன்னு சொன்னது கொலைகாரனை. வளைக்கரடி யாரைக் கொன்னுச்சு? மாட்டுகிட்ட இருந்தும் அதுக்கு நோய் தொத்துதே. பேசாம 'கொன்றுகுறைத்தல்'னு வைங்க.

---
அது கலைச்சொல் இல்ல, வாக்கியம். காதால கேட்டா நாய் குரைக்கிற மாதிரி வேற இருக்கு.

---
நான் கால்நடை மருத்துவம் படிச்சவ. 'களை' இங்க பொருந்தவே பொருந்தாது. களையைப் பிடுங்கினா மிச்சக் களை பக்கத்து வயலுக்கு ஓடாது, இங்க ஓடுது. 1998ல ஆரம்பிச்ச பெரிய சோதனையில, கொன்ன பகுதிக்குள்ள மாட்டுக் காசநோய் குறைஞ்சுது, சுத்தியுள்ள விளிம்புல கூடிருச்சு, கூட்டம் சிதறி மிச்சமிருந்தது எல்லை தாண்டி அலைஞ்சதுதான் காரணம்னாங்க. இதால பெரிசா பலன் இல்லைன்னு அந்தச் சோதனையைக் கவனிச்ச அறிவியல் குழுவே 2007ல அறிக்கை குடுத்துச்சு, ஆனாலும் 2013ல சாமர்செட், குளூசெஸ்டர்ஷயர்ல தொடங்கி ரெண்டு லட்சத்துக்கு மேல கொன்னுட்டாங்க. ஊசின்னா கூட்டம் கலையாது. கடலை வச்ச கூண்டுல புடிச்சு, பிசிஜி குத்தி (நம்ம தோள்ல தழும்பா கெடக்கே, அதேதான்), ரோமத்தைக் கொஞ்சம் கத்தரிச்சு அடையாளம் வச்சு விட்டுருவாங்க. ஏற்கனவே நோய் வந்ததைக் குணமாக்காது, அதையும் கட்டுரையில மறக்காம எழுதுங்க.

---
> கடலை வச்ச கூண்டுல

அங்கயும் கடலை போட்டுத்தான் மடக்குறாங்களா :-)

---
நன்றி டாக்டரம்மா. மூணு பேர் சரின்னுட்டாங்க, நேரமும் இல்ல. 'கொன்றுகுறைப்பு'ன்னே அனுப்புறேன், முதல் தடவை வர்ற எடத்துல மட்டும் ஒரு வரி விளக்கம்.

---
எனக்குச் சம்மதமில்லை, பதிவு செய்துகொள்ளவும். அடிக்குறிப்பிலாவது களைகட்டலைப் போடுங்க. அப்புறம் 'தடுப்பூசி'யை யாருமே கேக்கலையே? இரையில கலந்து வாய்வழியா குடுக்கிற மருந்துக்கும் ஆராய்ச்சி நடக்குதாமே, தின்கிறதையும் ஊசின்னுதான் எழுதுவீங்களா?